எல்லைக்கல் இல்லாத மொழி

பாகூர் கொம்யூனைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரிப் பாசனம் ஒரு பக்கம் இருந்தாலும், ‘போர்’ போட்டு மோட்டாரை நம்பியிருக்கும் நிலங்களும் அங்கே உண்டு. இப்படிப்பட்ட மோட்டார்க் கொட்டகைகளில், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அண்மைக்காலமாக இன்னொரு சிறு பெட்டியும் ஏறத் தொடங்கியிருக்கிறது. சிம் கார்டு போட்ட செல்போன் ஸ்டார்ட்டர் அது. கரண்ட் வரும் நேரம் எதுவானாலும் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ போதும், மோட்டார் ஓடும், நிற்கும். பெட்டிக்குள் இருப்பது ஒரு மோடம், சில ரிலேக்கள், நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று. அந்தச் சில்லில் ஓடும் நிரல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதாக இருக்கும். மின்மீட்டர், பெட்ரோல் பங்க் இயந்திரம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 விதியின்படி வந்த இருசக்கர வண்டிகளின் எரிபொருள் செலுத்துதலைக் கட்டுப்படுத்தும் சில்லு என்று ஒரு கிராமத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் பொருள்களில் பெரும்பான்மை இந்த மொழியைத்தான் நம்பியிருக்கின்றன.

அந்த ஸ்டார்ட்டர் பெட்டியை நாமே வடிவமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறுஞ்செய்தி வந்ததும் அதை நினைவகத்தில் ஓரிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். பிறகு அனுப்பியவரின் எண் சரிதானா என்று பார்த்து, ‘ஆன்’ என்றிருந்தால் ரிலேயை இயக்க வேண்டும். ஒரு குறுஞ்செய்தியில் அதிகபட்சம் 160 எழுத்து என்பது எல்லாருக்கும் தெரியும். முடிவைக் குறிக்கும் சுழியத்துக்கு ஓர் இடம் சேர்த்து 161 பைட் ஒதுக்குகிறோம். ஆங்கிலத்தில் ‘ஆன்’, ‘ஆஃப்’ அனுப்பிப் பார்க்கிறோம், 160 எழுத்து நிரம்பிய நீளமான செய்தியையும் அனுப்பிப் பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருக்கிறது. பெட்டி விற்பனைக்குப் போகிறது. ஒரு நாள் அந்த சிம்முக்குத் தமிழில் ஒரு செய்தி வருகிறது, ஏதோ விளம்பரமோ பண்டிகை வாழ்த்தோ. தமிழ்ச் செய்தி யூனிகோடில் வரும், ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட், ஆகவே ஒரு செய்தியில் 70 குறிகள்தான். 70 என்பது 160-ஐவிடச் சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் பல மோடம்கள் இத்தகைய செய்தியை எழுத்துமுறையில் வெளியே தரும்போது ஒவ்வொரு பைட்டையும் இரண்டு பதினறும இலக்கங்களாக மாற்றித் தரும். ‘மோட்டார்’ என்று நாம் நான்கெழுத்தாக எண்ணும் சொல் யூனிகோடில் 8 குறிகள், 16 பைட்டுகள், மோடத்தின் வாயிலிருந்து வரும்போது 32 இலக்கங்கள். நிரம்பிய ஒரு தமிழ்ச் செய்தி 280 இலக்கங்களாக வந்து, சுழியத்தோடு சேர்த்து 281 பைட் இடம் கேட்கும். ஒதுக்கியது 161. மிச்சம் 120 பைட் பக்கத்து வீட்டுக்குள் போய் விழும். அந்தப் பக்கத்து வீட்டில், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் வரம்பு எண் இருந்திருந்தால், அது அழிந்துவிடும். காயில் கருகிய பிறகு மெக்கானிக் வோல்டேஜைக் குறை சொல்வார். அனுப்பியவரின் எண்ணைச் சரிபார்க்கும் வரி இதைத் தடுக்காது, ஏனென்றால் நகலெடுப்பது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்தப் பிழைக்கு இடம் கொடுப்பது சி மொழியின் பிறவிக் குணம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அதை உருவாக்கியபோது கணினியின் ஒவ்வொரு பைட்டும் விலைமதிப்பானது. ஆகவே சி மொழியில் நினைவகத்தின் ஒரு துண்டை ஒரு செயல்கூறிடம் (ஃபங்ஷன்) ஒப்படைக்கும்போது அதன் தொடக்க முகவரி மட்டும் போகும், நீளம் போகாது. நிலம் கொடுப்பதோடு இதை ஒப்பிடலாம். பாகூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில், மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தியைச் செப்பேடு சொல்கிறது. அக்காலத்தில் நிலம் கைமாறினால் நான்கு எல்லையையும் சொல்லி, கல்லும் கள்ளியும் நட்டுக் காட்டுவது முறை. சி மொழி நிலத்தைக் கொடுத்துவிட்டு, வடகிழக்கு மூலையை மட்டும் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. எல்லை எங்கே என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியது உழுகிறவரின் பொறுப்பு. 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் அன்றைய இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று இதுதான். ‘கெட்ஸ்’ என்னும் செயல்கூறு தனக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே படித்துக்கொண்டு போகும், 512 பைட் பஃபருக்குள் அதற்கு மேல் தள்ளினால் போதும். அந்தச் செயல்கூறைச் சி மொழித் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆனது. இருபத்து மூன்று ஆண்டுகள்!

நன்றாகச் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்குமே என்பார்கள். தெரிந்திருக்கலாம், சோதிப்பவருக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கத் தோன்றியிருந்தால். சோதனையின் குறை சோம்பலில் இல்லை. எழுதியவருக்கு எது தோன்றவில்லையோ அதுவே பெரும்பாலும் சோதிப்பவருக்கும் தோன்றாமல் போகிறது. பாகூருக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கும் கல்பாக்கத்தில் இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் சிலர் 2012-இல் வெளியிட்ட கட்டுரைகளில், அணு உலையின் பாதுகாப்பு சார்ந்த மென்பொருளுக்கு எவ்வளவு சோதனை செய்தால் போதும் என்று அளக்க முயன்றார்கள். அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று நிரலை வேண்டுமென்றே கெடுப்பது. ‘விடக் குறைவு’ என்றிருக்கும் இடத்தில் ‘விடக் குறைவு அல்லது சமம்’ என்று மாற்றுவார்கள், கூட்டலைக் கழித்தலாக்குவார்கள். கெட்டுப்போன நிரலை இருக்கும் சோதனைகள் பிடிக்கின்றனவா, விட்டுவிடுகின்றனவா? விட்டுவிட்டால் சோதனைகள் போதாது. ஒரே ஒரு சமக்குறி கூடுவதால் ஒரு பைட் எல்லை தாண்டும் பிழையை, அருமையாக எழுதப்பட்ட சோதனைத் தொகுதியும் விட்டுவிடக்கூடும் என்பதை இந்த வழி காட்டிக்கொடுக்கும். ஆக, சோதனையோடு இன்னொன்றும் வேண்டும். நிரலை ஓட்டாமலே, எந்தச் செய்தி வரும் என்று ஊகிக்காமலே, வரக்கூடிய எல்லாச் செய்திகளையும் ஒருசேரக் கணக்கில் எடுக்கும் ஒரு முறை.

அதற்குத்தான் ஸ்டாடிக் அனாலிசிஸ் என்று பெயர். 1978-இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய ‘லின்ட்’ இதன் மூதாதை. சட்டையில் ஒட்டும் பஞ்சுத் துணுக்குகளைப் பொறுக்குவதுபோல நிரலில் ஒட்டியிருக்கும் சந்தேகமான வரிகளைப் பொறுக்கிக் காட்டியது. அதற்கு ஓராண்டு முன்பே பிரான்சில் பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் இதற்கான கணித அடித்தளத்தைப் போட்டுவிட்டார்கள். நிரலின் ஒவ்வொரு மாறிக்கும் துல்லியமான மதிப்பைத் தேடாமல், அது எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்க முடியும் என்ற வரம்பை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு போவது அந்த முறையின் எளிய வடிவம். நம் ஸ்டார்ட்டர் பெட்டியில் இதை ஓட்டிப் பார்ப்போம். மோடத்திலிருந்து வரும் செய்தியின் நீளம் என்ன? வெளியுலகிலிருந்து வருவது, ஆகவே 0 முதல் தெரியாத ஏதோ ஒரு பெரிய எண் வரை. பஃபரின் இடம் 161. நகலெடுக்கும் வரிக்கு வந்ததும் கருவி இரண்டையும் ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை, எச்சரிக்கிறது. தமிழைப் பற்றியோ யூனிகோடைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இப்போது நகலெடுக்கும் முன் ‘நீளம் 160-க்கு மேல் என்றால் செய்தியைத் தள்ளிவிடு’ என்று ஒரு வரி சேர்த்தால், அந்த வரியைத் தாண்டியதும் நீளத்தின் வரம்பு 0 முதல் 160 வரை என்று சுருங்குகிறது, கருவி அமைதியாகிறது. அவசரத்தில் 160-க்குப் பதில் 161 என்று எழுதியிருந்தால் அமைதியாகாது, சுழியத்துக்கு இடமில்லை என்று சொல்லும். சோதனை ஒவ்வொரு செய்தியாக அனுப்பிப் பார்க்கிறது, இது எல்லாச் செய்திகளையும் ஒரே வரம்புக்குள் அடக்கிப் பார்க்கிறது.

இவ்வளவு நல்ல கருவி கையில் இருக்கும்போது சிக்கல் எங்கே? கணிதத்திலேயே இருக்கிறது. 1953-இல் ஹென்றி கார்டன் ரைஸ் நிறுவிய தேற்றத்தின் சாரம் இது: ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிய, அற்பமல்லாத எந்தக் கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பிசகாமல் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்க முடியாது. நாளைக்கு வேகமான கணினி வந்தாலும் இருக்க முடியாது. ஆகவே எந்தக் கருவியும் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சில பிழைகளைத் தவற விட வேண்டும், அல்லது பிழையில்லாத இடத்திலும் கூச்சல் போட வேண்டும், அல்லது எந்த நிரலையும் எடுத்துக்கொள்வேன் என்ற வாக்குறுதியைக் கைவிட வேண்டும். கருவிகளை விற்பவர்கள் முதல் இரண்டைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். பாதுகாப்பான சி நிரல் விதிகளின் வரலாற்றைப் பார்த்தால் மூன்றாவது வழிதான் பலன் தந்திருக்கிறது என்பது என் கணிப்பு. கருவியை எந்த நிரலையும் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கெட்டிக்காரனாக்க முடியாது. ஆனால் கருவிக்குப் புரியும் விதத்தில் நிரலை எழுத மனிதனைக் கட்டாயப்படுத்த முடியும். விதிகளின் உண்மையான வேலை இந்தக் கட்டாயம்தான்.

பிரிட்டனின் மோட்டார் வாகனத் துறையினர் 1998-இல் முதலில் வெளியிட்ட மிஸ்ரா சி விதிகளை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் அவற்றின் தர்க்கம் புரியும். ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்காதே, ஒரு செயல்கூறு தன்னைத் தானே அழைக்கக் கூடாது, ‘இஃப்’ எழுதினால் அதன் உடலைக் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் வை. முதல் பார்வைக்கு இவை மாமியார்த்தனமாகத் தோன்றும். தன்னைத் தானே அழைக்கும் செயல்கூறில் என்ன பாவம் இருக்கிறது? பாவம் ஒன்றுமில்லை, ஆனால் அது இருந்தால், செயல்கூறு அழைப்புகளுக்கான ‘ஸ்டாக்’ எவ்வளவு நினைவகம் தின்னும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினமாகிவிடும். இல்லையென்றால் சொல்லிவிடலாம். 2012 பதிப்பில் 143 விதிகளும் 16 நெறிகளும் இருந்தன. அந்தப் பதிப்பு செய்த நேர்மையான காரியம், ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இது கருவியால் முற்றாகத் தீர்மானிக்கக்கூடியதா, கூடாததா என்று குறித்தது. அடைப்புக்குறி விதி தீர்மானிக்கக்கூடியது, ஒரு கோப்பைப் பார்த்தாலே போதும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்த வேண்டிவந்த பாதுகாப்பு ஓட்டையில், அடைப்புக்குறி இல்லாத ஒரு ‘இஃப்’புக்குக் கீழே ‘கோட்டூ’ வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியால், எதிர்முனைச் சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலையே நடக்காமல் போனது. பள்ளிப் பிள்ளை எழுதிய கருவிகூட அதைப் பிடித்திருக்கும். மாறாக, நினைவக முகவரியைத் தாங்கும் சுட்டி தனக்குரிய எல்லையைத் தாண்டக் கூடாது என்ற விதி தீர்மானிக்க முடியாதது என்று மிஸ்ராவே ஒத்துக்கொள்கிறது.

மிஸ்ரா முதலில் நினைத்தது வாகனத்தின் விபத்தை, பகைவனை அல்ல. பகைவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் ராபர்ட் சீகார்டின் நூலாக வந்த செர்ட் சி விதிகளும், சர்வதேசத் தர அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 17961 ஆவணமும். பின்னதில் 46 விதிகளே உள்ளன. அது பேசுவது நிரல் எழுதுபவரோடு அல்ல, கருவி செய்பவரோடு. இந்த 46-ஐயும் மீறினால் கருவி கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இயந்திரம் சரிபார்க்க முடியாத எதையும் விதி என்று அழைக்கக் கூடாது என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது, அறிவுரையை அது வேறு ஏட்டுக்கு விட்டுவிடுகிறது. அதன் மையக் கருத்து கறை. வெளியிலிருந்து வரும் மதிப்பு எதுவும் கறைபட்டது, எல்லைச் சோதனையைத் தாண்டும்வரை அந்தக் கறை போகாது. கறைபட்ட எழுத்துத்தொடரை நகலெடுக்கும் செயல்கூறிடம் நேராகக் கொடுக்கக் கூடாது என்று அதில் ஒரு விதியே உண்டு. நம் ஸ்டார்ட்டர் பெட்டியின் பிழை அச்சாக இதுதான். மிஸ்ராவும் 2016 திருத்தத்தில் ஒரு நெறியையும் 13 விதிகளையும் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொண்டது. வெளியிலிருந்து வருவதைச் சரிபார் என்பதே அந்த நெறி.

இனி ஆதாரத்துக்கு வருவோம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஆஸ்த்ரே’ என்ற கருவி 2003 நவம்பரில், ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் 1,32,000 வரி சி நிரலை எடுத்துக்கொண்டு, ஓடும்போது நேரும் பிழைகள், அதாவது எல்லை தாண்டல், சுழியத்தால் வகுத்தல், எண் நிரம்பி வழிதல் போன்றவை, அறவே இல்லை என்று தானாகவே நிறுவியது. சாதாரண மேசைக் கணினியில் அதற்கு ஆன நேரம் ஒரு மணி இருபது நிமிடம். ரைஸ் தேற்றம் பொய்த்துவிட்டதா? இல்லை. அந்த நிரலில் ஓடும்போது நினைவகம் வாங்கும் பழக்கமும் இல்லை, தன்னைத் தானே அழைக்கும் செயல்கூறும் இல்லை. கருவியும் அந்த வகை நிரலுக்கென்றே செதுக்கப்பட்டது. மறுபக்கம், 2014 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில், எதிர்முனை அனுப்பும் நீளத்தைச் சரிபார்க்காமலே நகலெடுத்ததால், ஒவ்வொரு கேள்விக்கும் 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகம் வெளியே கசிந்தது, கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் உட்பட. ஓப்பன் எஸ்எஸ்எல்லை முன்பே பல கருவிகள் அலசியிருந்தன. புகழ்பெற்ற ‘கவரிட்டி’ உட்பட எதுவும் எச்சரிக்கவில்லை. நீளத்தின் கறை அந்த நிரலின் சுற்றுவழிகளில் எங்கோ காணாமல் போயிருந்தது. விஷயம் வெளியான சில நாள்களில், வலையமைப்பிலிருந்து வரும் எண்ணின் பைட் வரிசையை மாற்றும் இடத்தைக் கண்டாலே அதைக் கறைபட்டதாகக் கொள்ளும் உத்தியைக் கவரிட்டி சேர்த்தது, பிழை தெரிந்தது. இரண்டு நிரலும் சி மொழிதான். ஒன்று ஆராயப்படுவதற்கு ஏற்ற உருவத்தில் இருந்தது, இன்னொன்று அப்படி இல்லை.

நம் நாட்டிலும் இந்த வழியை யோசித்தவர்கள் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் ஐஐடி பம்பாய் ஆய்வாளரும் சேர்ந்து 2002-இல் சி நிரலுக்கான மெய்ப்பிக்கும் கருவி ஒன்றை அறிவித்தார்கள். அது எல்லாச் சி நிரலையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை, மிஸ்ரா சி வரம்புக்குள் எழுதப்பட்டதையே எடுத்துக்கொண்டது. அணு உலைக்கு நிரல் எழுதுகிறவர்கள் மொழியைச் சுருக்கிக்கொண்டுதான் மெய்ப்பிக்கப் போனார்கள்.

நிரல் எழுதுகிறவர்களிடம் போய் இதைச் சொன்னால் வரும் முதல் எதிர்ப்பு, கருவி கத்திக்கொண்டே இருக்கிறது என்பது. அது நியாயமான புகார். கவரிட்டியை உருவாக்கிய ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் தங்கள் வணிக அனுபவத்தை 2010-இல் ஒளிக்காமல் எழுதினார்கள். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் மக்கள் கருவியையே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், உண்மையான பிழையும் அந்தக் குப்பையில் தொலைந்துபோகிறது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் எடுத்த முடிவு கருவியின் வாயைக் குறைப்பது. வணிகத்துக்கு அது சரி. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-இல் எழுதிய பத்து விதிகள் எதிர்த்திசையில் போகின்றன. எல்லா எச்சரிக்கையையும் திறந்து வை, நாள்தோறும் கருவியை ஓட்டு, ஓர் எச்சரிக்கைகூட மிஞ்சக் கூடாது. எச்சரிக்கை பொய் என்று உனக்குத் தெரிந்தாலும், கருவியைக் குழப்பிய வரியை அது குழம்பாதபடி திருத்தி எழுது. கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் கருவியைக் குழப்பும் நிரல் பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதைத் திருத்த வரும் மனிதனையும் குழப்பும். பொய் எச்சரிக்கையின் விலை புதிய நிரலில் ஒரு வரியைத் திருத்துவது, பழைய நிரலில் பல மாத வேலை. எனவே பழைய நிரலின் மீது எல்லா விதியையும் ஒரே நாளில் ஏவிவிடுவது முட்டாள்தனம். புதிதாகத் தொடும் வரிகளுக்கு மட்டும் கட்டாயமாக்கினாலே போதும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. விதியை மீறாத நிரல் பாதுகாப்பான நிரல் என்று யார் சொன்னது? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2008-இல் ஒரு தொழிற்சாலை நிரலின் பிழை வரலாற்றை மிஸ்ரா மீறல்களோடு ஒப்பிட்டபோது, உண்மையான பிழையோடு தெளிவான தொடர்பு காட்டிய விதிகள் சிறு பங்குதான் என்று கண்டார்கள். அதோடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்கள்: மீறலைத் திருத்தும் ஒவ்வொரு மாற்றமும் புதிய பிழைக்கு வாய்ப்பு. இதற்குச் சாட்சியாக டெபியன் லினக்ஸின் கதை இருக்கிறது. நினைவகத்தை ஆராயும் ஒரு கருவி எச்சரித்தது என்பதற்காக 2006-இல் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். ஓட்டிப் பார்க்கும் வகைக் கருவிதான் அது, ஆனாலும் பாடம் ஒன்றுதான். நீக்கிய வரிகளில் ஒன்றுதான் சாவிகளுக்குத் தற்செயல்தன்மையைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின் அந்தக் கணினிகளில் உருவான சாவி, ஒவ்வொரு வகைக்கும் நீளத்துக்கும், 32,768 வாய்ப்புகளுக்குள் அடங்கிவிட்டது. 2008 மே மாதம்தான் தெரிந்தது. கருவி வாயை மூடுவதற்காக நிரலைத் திருத்துகிறவன் கருவி இல்லாதவனைவிட ஆபத்தானவன் என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் எதை வீழ்த்துகிறது? எல்லா விதியையும் ஒரே எடையில் வைத்து, மதிப்பெண் பட்டியலாக்கி, சான்றிதழுக்காக ஓடும் பழக்கத்தை வீழ்த்துகிறது. எல்லைச் சோதனை, கறை, தொடக்க மதிப்பு தராத மாறி, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது போன்ற சில விதிகளை அது தொடவில்லை, இவற்றில் முதல் இரண்டை மீறுவதன் விளைவை ஹார்ட்பிளீட்டில் பார்த்தோம். 46 விதிகளோடு நிறுத்திக்கொண்ட ஆவணம் இந்த இடத்தில்தான் 143-ஐவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கருவியின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. எண் சரிபார்க்கும் வரியையே எழுத மறந்துவிட்டு, யார் செய்தி அனுப்பினாலும் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் எந்தச் சி விதியையும் மீறவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதே தவறாக இருந்தால், அதைப் பிழையில்லாமல் செய்து என்ன பயன்? அதற்கு வேறு மருந்து.

சி மொழியையே விட்டுவிடலாமே என்பது மூன்றாவது எதிர்ப்பு, இப்போது அதிகம் கேட்பது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்ன கணக்கின்படி, அது ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள். 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகமும் நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறச் சொன்னது. ரஸ்ட் போன்ற மொழியில் நம் ஸ்டார்ட்டரின் தமிழ்ச் செய்தி பக்கத்து வீட்டுக்குள் விழாது, அந்த இடத்திலேயே நிரல் நின்றுவிடும். இதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ரஸ்ட் என்ன செய்கிறது என்று பார்த்தால், அதன் கம்பைலர் தானே ஒரு கண்டிப்பான ஸ்டாடிக் அனாலிசிஸ் கருவி. தனக்குப் புரியாத நிரல் சரியானதாகவே இருந்தாலும் ஏற்காது. மிஸ்ரா வெளியிலிருந்து திணிக்கும் கட்டாயத்தை ரஸ்ட் மொழிக்குள்ளேயே வைத்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அங்கே போகலாம். ஏற்கெனவே நிலத்தில் நிற்கும் பெட்டிகளும் மீட்டர்களும் வண்டிகளும், மலிவான எட்டு பிட் சில்லுகளும், அவற்றின் பல கோடி வரிகளும் இன்னும் பல்லாண்டு சி மொழியில்தான் இருக்கும்.

செலவு ஒரு காரணமாக இருந்த காலம் போய்விட்டது. மிஸ்ரா சான்றிதழுக்கு உதவும் வணிகக் கருவிகள் சிறு தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாதவைதான். ஆனால் சிபிபிசெக், கிளாங் அனலைசர், பிரான்சின் ஃபிராமா சி ஆகிய மூன்றும் இலவசம். பாதுகாப்புக்கு ஆதாரம் கேட்கும் சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. இந்திய அரசு 2024-இல் அறிவித்த விதிகளின்படி, 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியே விற்பனைக்கு வர முடியும். ஐரோப்பாவின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, அங்கே ஏற்றுமதி செய்யும் கருவிகளுக்கும் இதே கேள்வி எழும். கேமராவுக்குக் கேட்பதைப் பம்ப் ஸ்டார்ட்டருக்கும் மின்மீட்டருக்கும் கேட்காமலிருக்க நியாயம் எதுவும் இல்லை. கேமராவுக்கும் பம்புக்கும் பைட் எல்லை ஒன்றுதான்.

ஆனால் சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சி மொழி ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. தரத்திலிருந்து நீக்கப்பட்ட ‘கெட்ஸ்’ செயல்கூறைப் பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள். முதல் வாரத்திலிருந்தே எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும்படி கம்பைலரை அமைத்துக் கொடுங்கள். ஓர் எச்சரிக்கை மிஞ்சினாலும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். 2020-இல் வெளிவந்த ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்தே நிரலை ஓட்டாமல் ஆராயும் வசதி கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை, கட்டளை வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.